மற்றும் ஒருவர்

மூத்திரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முகம் சுளிப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ஆனால் அரசு வேலையில் இருப்பவர்கள், அதிலும் ‘நாட்டுக்காக ஓர் இடத்துக்குப் போய்வர வேண்டும்’ என்று அதிகாரி தோளில் கை போட்டுப் பேசுகிற நிலையில் இருப்பவர்கள், தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள். ஆஸ்பத்திரியில் நூற்று நாற்பத்தேழு நாள் படுத்திருந்தேன். நோயைவிட என்னை அனுப்பியவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

என் பெயர் கலியமூர்த்தி. எண்பதுகளில் குடவாசல் பக்கம் ஓர் அரசு விதைப்பண்ணையில் களப்பணி உதவியாளனாக இருந்தேன். மாரிமுத்து அதே பண்ணையில் தொழிலாளி. நாங்கள் இருவரும் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரே ஊர்க்காரர்கள். ஒரே ஊர் என்றால் ஒரே தெரு அல்ல. எங்களுடையது நிலம் வைத்திருந்த வீடு. அவருடைய அப்பா எங்கள் வயலில் வேலை பார்த்தவர், பிறகு அதே வயலில் கூலி கேட்டுச் செங்கொடி நட்டவர். மாரிமுத்து என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் நான் ‘நீ’ என்பேன், அவர் ‘சார்’ என்பார். அது அப்படித்தான் இருந்தது, எனக்கு அது உறுத்தவுமில்லை.

ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு நெல் நடக் கற்றுக்கொடுப்பதாக டெல்லி வாக்குக் கொடுத்திருந்தது. நெல் என்றால் தஞ்சாவூர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. அதில் முதலில் ஓர் இணை இயக்குநர், பட்டங்களோடு. இரண்டாவது நான், பதவிப் பெயரோடு. மூன்றாவது ‘மற்றும் ஒருவர்’. அந்த ஒருவர் மாரிமுத்து. டைப் அடித்தவருக்கு அவர் பெயர் தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. அன்றைக்கு அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

தஞ்சாவூரில் வழியனுப்பு விழா நடந்தது. மேடை, மைக், கரை வேட்டி, பொன்னாடை. ‘காவிரிச் சேறு இன்று கண்டம் தாண்டுகிறது’ என்றார் ஒருவர். கைதட்டினார்கள். அந்த நாட்டில் உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் மேடையில் யாரும் சொல்லவில்லை. டெல்லிக்குத் தெரியும், சென்னைக்கும் தெரியும். எங்களுக்கு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து, மணல் மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்றவர்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஆளுக்கு ஒரு ஜோடி முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். எதற்கென்று கேட்டதற்கு ‘சேஃப்டிக்கு’ என்றார் இணை இயக்குநர். எதிலிருந்து சேஃப்டி என்று அவர் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

முதல் நாள் பூட்ஸோடு வயலோரம் போய் நின்றோம். எங்கள் பக்கத்தில் செருப்புக் காலோடு வயலில் இறங்குவது சோற்றுத் தட்டில் கால் வைப்பது போல. செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் இறங்குவோம். சாமி சமாசாரம் மட்டுமல்ல, வேலையும் அதில்தான் இருக்கிறது. சேறு பதமாகிவிட்டதா, சமன் செய்ய இன்னொரு முறை பரம்பு ஓட்ட வேண்டுமா, எந்த மூலை மேடு, எந்த மூலை பள்ளம் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்காலுக்குத்தான் தெரியும். ரப்பருக்குள் கால் இருந்தால் குருடன்தான்.

மாரிமுத்து பூட்ஸோடு ஓர் அடி எடுத்து வைத்தார். சேறு கவ்விக்கொண்டது. பூட்ஸ் அங்கேயே நின்றது, கால் மட்டும் வெளியே வந்தது. பயிற்சிக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

“கழட்டிப் போடு மாரிமுத்து. பூட்ஸ் போட்டுக்கிட்டு நடவு சொல்லிக் குடுத்தா நாமதான் நடத் தெரியாதவனுவன்னு நெனைப்பானுவ,” என்றேன்.

“கழட்டக் கூடாதுன்னு சொன்னாங்களே சார்.”

“நான் சொல்றேன், கழட்டு.”

அவர் கழற்றினார். நானும் கழற்றினேன். இணை இயக்குநர் வரப்பில் பூட்ஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ‘குட், குட்’ என்றார். இதை நான் நினைவில் வைத்திருக்கிறேன். அவர் மறந்துவிட்டதாகப் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே கால் அரித்தது. சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. சேற்றுப்புண் என்று நினைத்தோம். வேறு எதை நினைப்போம்? நடவுக் காலத்தில் டெல்டாவில் யார் காலில் இல்லை? ஊரிலிருந்து கொண்டுபோன மருதாணிப் பொடியைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் இறங்கினோம். இப்படி ஆறு மாதம்.

பிறகு சண்டை நெருங்கி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதகுக்கு அந்தப் பக்கம் சுட்டார்கள். தூதரகத்திலிருந்து ஒரு கார் வந்தது. காரில் இணை இயக்குநருக்கு இடம் இருந்தது, அவருடைய இரண்டு பெட்டிகளுக்கும் இடம் இருந்தது. ‘உங்களுக்கு வண்டி வரும்’ என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி நாற்பது நாள் கழித்து வந்தது. அந்த நாற்பது நாளும் பம்ப் நின்றுவிட்டதால் குளிப்பதும் துணி துவைப்பதும் வயலுக்குப் பாயும் வாய்க்காலில்தான். மாரிமுத்து மட்டும் இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர், “நம்மூர் ஐப்பசி இடிக்கு இது காணுமா சார்?” என்பார். சொல்லிக்கொண்டே அவரும் சுவரோரம் நகர்ந்து படுப்பார்.

ஊர் திரும்பியபோது மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. ஆறு கடக்கிறவரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார் என்பார்கள். நாங்கள் கடந்தது கடல்.

நாலைந்து மாதம் கழித்து எனக்கு ரத்தம் வந்தது. மூத்திரம் நன்றாகத்தான் தொடங்கும், முடிகிற நேரத்தில் கடைசிச் சொட்டுகள் சிவப்பாக விழும். எரிச்சல் கொஞ்சம். பயம் நிறைய. வீட்டில் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் சொல்கிற விஷயமா இது? ஆனால் வேட்டியைத் துவைப்பவள் அவள்தானே. சரோஜா ஒரு நாள் கறையை எடுத்துக் காட்டி, “இது வெத்தலைச் சாறுன்னு மட்டும் சொல்லாதீங்க,” என்றாள். மறுநாளே மாயவரத்துக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கல் என்றார். மூன்று மாதம் வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். எங்கள் கொல்லையில் வாழை தீர்ந்தது, ரத்தம் தீரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பண்ணை வடிகால் ஓரம் ஒதுங்கி நின்றேன். சற்றுத் தள்ளி மாரிமுத்துவும் நின்றார். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் சிவப்பு. எனக்கு வந்ததைவிட அதிகம்.

“எத்தினி நாளா?” என்று கேட்டேன்.

“மாசம் ஆறாவுது சார். ஒங்களுக்குமா?”

இருவரும் ஒரே இடத்துக்குப் போனோம், இருவருக்கும் ஒரே ரத்தம். இது கல் இல்லை என்று அந்த வடிகால் ஓரத்தில்தான் எனக்குப் புரிந்தது. அடுத்த நாள் இருவரும் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

வெளிநோயாளிகள் வரிசையில் இரண்டு நாள் உட்கார்ந்தோம். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கு என்ன நோய் என்று கேட்டுக்கொள்வதுதான் அங்கே பொழுதுபோக்கு. எங்களுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் மாரிமுத்துவின் மூத்திரப் பை முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக விளிம்பு கட்டித் தெரிந்தது. வெறும் தசையான பை எக்ஸ்ரேயில் அப்படித் தெரியவே கூடாதாம். இருவரையும் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

பிறகு சிஸ்டோஸ்கோப்பி. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் சின்னதுதான். முனையில் விளக்கு வைத்த ஒரு மெல்லிய குழாயை மூத்திர வழியாக உள்ளே செலுத்தி, பையின் உட்புறத்தைப் பார்ப்பது. மரத்துப்போக ஜெல்லி தடவுகிறார்கள். அது பாதிதான் மரக்கிறது. பார்த்த டாக்டர் முகம் மாறியது. பையின் சுவரில் மணல் ஒட்டியது போலத் திட்டுத் திட்டாக இருக்கிறது என்றார். அதில் ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பெயர் பயாப்ஸி. அந்தச் சொல்லைக் கேட்டதும் சரோஜா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புற்றுநோய்க்குத்தான் அதைச் செய்வார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

முடிவு வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். என் மகளுக்கு அப்போது நாலு வயது. சாப்பாடு இறங்கவில்லை. சரோஜா தினம் காலை பஸ்ஸில் கேரியரோடு வருவாள். முதல் நாள் மாரிமுத்துவுக்கும் சோறு கொண்டுவந்தாள், ஆனால் தனித் தட்டில். அவர் அதைப் பார்த்தார், சாப்பிட்டார். நானும் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் மாரிமுத்துவின் மனைவி அஞ்சலை, நடவு இல்லாத நாள் பார்த்து, கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்துவந்து எங்கள் இருவருக்கும் போட்டாள். அன்றைக்கு எனக்கு முதல்முறையாகப் பசித்தது. தூக்குச் சட்டியை வழித்துச் சாப்பிட்டேன். சரோஜா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாளிலிருந்து ஒரே கேரியர்தான்.

நோயைக் கண்டுபிடித்தது வார்டில் இருந்த ஓர் இளம் பெண் டாக்டர். எல்லோரும் எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள், அவர் ஒருவர்தான் எங்கே போனீர்கள் என்று கேட்டார்.

“ஆப்பிரிக்காவா? அங்க தண்ணியில எறங்கினீங்களா?”

“ஆறு மாசம் தண்ணியிலதாங்க நின்னோம்,” என்றார் மாரிமுத்து.

டாக்டர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அதற்காக அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. மறுநாள் உச்சி வேளையில் எங்களிடம் ஆளுக்கொரு பாட்டிலைக் கொடுத்து, மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்கச் சொன்னார். பிறகு மூத்திரம் போய், கடைசியாக வருகிற கொஞ்சத்தை மட்டும் பிடித்துத் தர வேண்டும். அந்த நோயின் முட்டைகள் மத்தியான வெயில் நேரத்தில்தான் அதிகம் வருமாம், அதுவும் உடம்பு குலுங்கினால். இரண்டு வளர்ந்த ஆண்கள் கையில் பாட்டிலோடு படியேறி இறங்குவதைப் பார்த்து வார்டே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நீள்வட்டமாக, ஒரு நுனியில் கூர்முள்ளோடு ஏதோ கிடந்தது. மாரிமுத்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நெல்லு மாதிரில்ல இருக்கு. வால் வெச்ச நெல்லு.”

அவர் சொன்னது சரி. டாக்டரம்மா விளக்கினார். அந்த நாட்டு வாய்க்கால்களில் ஒரு வகை நத்தை இருக்கிறது. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு தண்ணீரில் இறங்கி, நிற்பவன் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. நாங்கள் சேற்றுப்புண் என்று மருதாணி பூசினோமே, அது புழு நுழைந்த வாசல். உள்ளே போனது மூத்திரப் பையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாயில் குடித்தனம் வைத்து முட்டையிடுகிறது. அந்த முள் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் ரத்தம். அப்படியே விட்டால் பை இறுகி, மூத்திரக் குழாய் அடைத்து, சிறுநீரகம் கெடும். பின்னாளில் புற்றுநோயும் வரலாம். இப்போதைக்கு அது இல்லை என்று பயாப்ஸி சொல்லிவிட்டது.

“நத்தையா?” என்றார் மாரிமுத்து. “நம்மூர்ல பொறுக்கி ஆக்கித் திங்கிறோம்ங்களே.”

“நம்ம ஊர் நத்தை ஒண்ணும் பண்ணாதுங்க. இந்த நோயே நம்ம பக்கம் கெடையாது. நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன்.”

“மருந்து இருக்காம்மா?”

“இருக்கு. ஒரே நாள் மாத்திரை. ஆனா இங்க கெடைக்காது. வெளிநாட்டுலேர்ந்து வரணும்.”

ஒரே நாள் மாத்திரை. அதற்குத்தான் இவ்வளவு பாடு. வரவழைக்க ஆஸ்பத்திரி டெல்லிக்கு எழுத வேண்டும். நோய் எங்கே, எந்தப் பணியில் வந்தது என்று எங்கள் துறை சான்று தர வேண்டும். துறைக்கு எழுதினேன். ‘தாங்கள் டெல்லியின் திட்டத்தில் சென்றவர், அங்கே கேட்கவும்’ என்று சென்னையிலிருந்து பதில். டெல்லிக்கு எழுதினேன். ‘தாங்கள் மாநில அரசு ஊழியர், அங்கே கேட்கவும்’ என்று பதில், அதுவும் இந்தியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. மேடையில் டெல்லியும் சென்னையும் ஒன்றையொன்று திட்டிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். எங்களைத் தள்ளிவிடுவதில் மட்டும் இரண்டுக்கும் என்ன ஒற்றுமை! மாரிமுத்துவைப் பற்றிக் கேட்டதற்கு ஒரே வரி வந்தது: ‘மேற்படி பெயரில் எவரும் அனுப்பப்பட்டதாக ஆவணம் இல்லை.’

சரோஜாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

“கவர்மெண்டு கவர்மெண்டுங்கிறீங்களே, அது யாருங்க? ஒரு ஆளைக் காட்டுங்க, நான் போய்க் கேக்குறேன்.”

காட்ட முடியவில்லை. அவளே மனுநீதி நாளன்று கலெக்டர் ஆபீஸ் போய், வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்து, ரசீது வாங்காமல் நகர மாட்டேன் என்று நின்றாள். எட்டாவது வரை படித்தவள். இத்தனை பெரிய இலாகாவை அசைத்தது அவள் ஒருத்திதான். மனு மேலே போய், பாதுகாப்புச் சாதனம் கொடுக்கப்பட்டதா என்று டெல்லி அறிக்கை கேட்டுவிட்டது.

உடனே ஆள் வந்தார். எங்கள் துறை அலுவலகத்துச் சூப்பிரண்டு. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், கூடவே டைப் அடித்த ஒரு தாள். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கலியமூர்த்தி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. ஒங்களுக்கு டூட்டியில வந்த வியாதின்னு நாங்களே சர்டிபிகேட் குடுத்துடுறோம். மூணு வாரத்துல மருந்து வந்துடும்.”

வாசித்தேன். ‘உடன் வந்த தொழிலாளி அறிவுரைகளை மீறித் தன்னிச்சையாகக் காலணியைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கினார். அவரைத் தடுக்கும் முயற்சியில் நானும் இறங்க நேரிட்டது.’

ஆறு மாதம் தடுத்துக்கொண்டே இருந்தேனாம்.

“அப்ப மாரிமுத்துவுக்கு?”

“அவரு யாருங்க? ஆர்டர்ல பேரே இல்லியே.”

“பேரே இல்லாத ஆளு எப்படிங்க அறிவுரையை மீறுனாரு?”

சூப்பிரண்டு சிரித்தார். “எல்லாம் எழுத்துக்குத்தாங்க. யோசிச்சு வைங்க, நாளைக்கு வர்றேன். சின்னப் பொண்ணு இருக்குல்ல ஒங்களுக்கு?”

அவர் போன பிறகு வெகுநேரம் தாள் என் மடியில் கிடந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பழியைப் போட மாரிமுத்துவைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். இதை எழுதுவதால் என்னை யோக்கியன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மகள் முகம் வந்தது. புற்றுநோய் என்ற சொல் வந்தது. எனக்கு மருந்து வந்துவிட்டால் பிறகு அவருக்காக நானே அலையலாம் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார் மாரிமுத்து. கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“போடுங்க சார். ஒங்க வீட்டுல கையெழுத்துப் போடுறது புதுசா என்ன?”

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எங்கள் வயல் அறுப்பில் கூலித் தகராறு. ஒத்துக்கொண்ட கூலியைத் தந்தால்தான் மீதியை அறுப்போம் என்று கொடியை நட்டுவிட்டு நின்றார்கள். முன்னால் நின்றவர் மாரிமுத்துவின் அப்பா. மறுநாள் போலீஸ் ஒரு தாளை எழுதிக் கொண்டுவந்தது, அவர் ஆட்களோடு புகுந்து பயிரைத் திருட்டு அறுப்பு அறுத்தார் என்று. அறுக்கச் சொன்னது என் அப்பாதான். அப்பா தாளை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதர் நாகப்பட்டினம் சப்-ஜெயிலில் இருந்தார், திரும்பி வந்து நிமிர்ந்து வேலை செய்யவில்லை. எங்கள் வீட்டில் இதை யாரும் பேச மாட்டோம். அவர்கள் வீட்டில் பேசியிருக்கிறார்கள்.

மறுநாள் சூப்பிரண்டு வந்தபோது அவருடைய தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே நான் எழுதிய தாளையும் கொடுத்தேன். ‘பூட்ஸைக் கழற்றச் சொன்னது நான். மாரிமுத்து மறுத்தார், நான் உத்தரவிட்டேன். இணை இயக்குநர் வரப்பில் நின்று பார்த்து, நன்று என்றார். தண்ணீரில் நோய் இருப்பதாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களை அனுப்பியது எங்கள் காலுக்காக. காலை ரப்பருக்குள் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது.’

சூப்பிரண்டு இரண்டு முறை படித்தார். “ஒங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்க,” என்றார். போகும்போது ஹார்லிக்ஸை எடுத்துக்கொண்டு போனார். ஆரஞ்சை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தோம்.

சரோஜா திட்டுவாள் என்று பயந்தேன். அவள் கேரியரைத் திறந்து, “சாப்பிடுங்க ரெண்டு பேரும்,” என்று மட்டும் சொன்னாள். பிறகு திரும்பி நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மருந்துக்கு மாதக்கணக்கில் சான்று தராத துறை, ஒன்பதே நாளில் எனக்கு மெமோ அனுப்பியது. 17(பி). அரசு ஊழியருக்கு அதைவிடக் கெட்ட கடிதம் இல்லை, வேலையே போகலாம். ‘அயல்நாட்டில் அரசுப் பணியில் இருந்தபோது, தம் பொறுப்பில் அனுப்பப்பட்ட விதைப்பண்ணைத் தொழிலாளி திரு. மாரிமுத்து என்பவரைப் பாதுகாப்புக் காலணியின்றி நீரில் இறங்கப் பணித்து, அவருக்கும் தமக்கும் நோய் ஏற்படக் காரணமாக இருந்தது குறித்து ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது…’

அதை டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டார்.

“என்னங்க நீங்க, அழுதுகிட்டு நிக்கிறீங்க? நாம கேட்ட சர்டிபிகேட்டு இதுதாங்க. அரசுப் பணியில இருந்தப்பன்னு எழுதியிருக்காங்க. அனுப்பப்பட்டன்னு எழுதியிருக்காங்க. ரெண்டு பேருக்கும் நோய் வந்துச்சுன்னு அவங்களே கையெழுத்துப் போட்டு சீல் வெச்சிருக்காங்க.”

என்னைத் தண்டிக்க வேண்டும் என்ற அவசரத்தில், இத்தனை நாள் இல்லை இல்லை என்று சொன்னதையெல்லாம் இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். உதவி செய்வதற்குக் கிடைக்காத ஆவணம் குற்றம் சாட்டும்போது கிடைத்துவிட்டது. மாரிமுத்துவுக்கு மெமோவை வாசித்துக் காட்டினேன்.

“திருவா?” என்றார். “‘திரு’ன்னு போட்டிருக்கானுவளா?”

“போட்டிருக்கு.”

வாங்கி, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

மெமோவின் நகலோடு ஆஸ்பத்திரிக் கடிதம் டெல்லிக்குப் போயிற்று. மூன்று வாரத்தில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி வந்தது. எடை பார்த்து அளவு சொன்னார்கள். எனக்கு நாலு மாத்திரை. மாரிமுத்து மெலிந்துபோயிருந்தார், அவருக்கு மூன்று. தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இவ்வளவுதானா சார்?”

இவ்வளவுதான். கசப்பு, அன்றைக்கு முழுக்கத் தலைசுற்றல், வயிற்று வலி. இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது. எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது. மாரிமுத்துவுக்குப் புழு செத்தது, ஆனால் இடது சிறுநீரகம் ஏற்கெனவே பாதி போய்விட்டிருந்தது. நாலு மாதம் முன்னால் மாத்திரை வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இந்த நாலு மாதத்துக்கு எந்த இலாகா மெமோ வாங்கப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கனம் தூக்கக் கூடாது, நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்து எங்களை அனுப்பினார்கள். நடவுக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேலை இருக்கிறது?

விசாரணை தஞ்சாவூரில் நடந்தது. சங்கத்துக்காரர் ஒருவர், “மறுத்துடுங்க தோழர், இந்த மெமோ நிக்காது, ஒடைச்சுடலாம்,” என்றார். உடைந்துவிடும் என்று எனக்கும் தெரியும். உடைந்தால் அந்தத் தாள் ரத்தாகும். ரத்தானால் மாரிமுத்து பழையபடி ‘மற்றும் ஒருவர்’ ஆகிவிடுவார். அந்த நாட்டுக்கு அவர் போனதாக இந்தத் தேசத்தில் இருக்கிற ஒரே சாட்சி என் மீதான குற்றச்சாட்டுதான். அவருடைய சிறுநீரகத்துக்காக நாளை யாராவது கேட்கப் போனால் அது வேண்டும்.

“குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

“ஒப்புக்கொள்கிறேன். வரப்பில் பூட்ஸோடு நின்றவரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்,” என்றேன்.

முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

வெளியே மாரிமுத்து காத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பின் இடது பக்கத்தைக் கையால் தாங்கியபடி நின்றார்.

“என்னா சார் ஆச்சு?”

“குத்தம்னு ஒத்துக்கிட்டேன்.”

பஸ் ஸ்டாண்ட்வரை நடந்தோம். திருத்துறைப்பூண்டி வண்டி நின்றிருந்தது, புறப்பட நேரம் இருந்தது. அப்போதுதான் சொன்னார்.

“ஒங்க அப்பாவும் ஒரு தடவ இப்புடி ஒத்துக்கிட்டிருக்கலாம்.”

“ஆமாம்,” என்றேன். “உங்ககிட்ட நான் சொல்ல வேண்டியது அது.”

ஒன்றுக்குப் போகிறவர்கள் ஒதுங்குகிற சுவர் ஓரத்தைக் கண்ணால் காட்டினார். “வாங்க, போயிட்டு ஏறுவோம்.”

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நான் என்னுடையதைப் பார்க்கவில்லை, அவருடையதைத்தான் பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது, கடைசிச் சொட்டுவரை.